கோர்ட்டுப் பொறுப்பில் ஒரு குடைராட்டினம்

காசிலிங்கம் கோர்ட்டில் மட்டும்தான் தூங்குவார். வீட்டில் மெத்தை உண்டு, கொசுவலை உண்டு, ஜன்னலைத் திறந்தால் கடற்காற்றும் உண்டு. தூக்கம் மட்டும் கிடையாது. கண்ணை மூடினால் போதும், எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நின்றுகொள்வார். அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லியே விடிந்துவிடும். பிறகு கறுப்புக் கவுனைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், தன் வழக்கைக் கூப்பிடுகிற வரைக்கும் பெஞ்சில் சாய்ந்தாரானால், மற்றவர்களுடைய வாதம் தாலாட்டு மாதிரி காதில் விழும். கண் சொருகிவிடும்.

அவர் ஒரு அவொகா. புதுச்சேரியில் வக்கீலுக்கு அதுதான் பெயர், ஐயாவுக்கு முசே. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் ஐந்து வருஷம் ஆகியும் அவனுடைய சட்டம் மட்டும் போகாமல் கோர்ட்டிலேயே குந்தியிருந்த காலம் அது. இன்றைக்குப் போகும் நாளைக்குப் போகும், இங்கிலீஷ் சட்டம் வந்துவிடும், பிரெஞ்சில் படித்த அவொகாவெல்லாம் அப்புறம் எங்கே போய் முட்டிக்கொள்வார்களோ என்று ஊர் பேசியது. ஊர் பேசியதெல்லாம் காசிலிங்கத்தின் வயிற்றில் போய் எரிந்தது. உழவர்கரையில் ஏர் ஓட்டிய குடும்பத்திலிருந்து கவுன் போட்ட முதல் ஆள் அவர். முதல் ஆளாக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. இறங்கி வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை.

வாதம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. "ரசத்துல உப்புக் கொறைச்சலாங்க?" என்று மனைவி சொர்ணம் கேட்டால், "முதலாவதாக, உப்பு குறைவு என்று நான் எங்கேயும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவதாக…" என்று ஆரம்பிப்பார்.

"உப்பு போடவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க" என்பாள் சொர்ணம், உப்பு மரவையைக் கையில் வைத்துக்கொண்டு.

டாக்டர் தட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "ஒடம்புல ஒண்ணுமில்ல முசே. கடைசியா எப்ப சிரிச்சீங்க?" என்றார். காசிலிங்கத்துக்கு ஞாபகம் வரவில்லை. மருந்து என்றால் மருந்துதான் என்று அன்று சாயங்காலமே கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினார். சொர்ணம் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து, "ஐயோ, எங்கங்க வலிக்குது?" என்றாள்.

நிலைமை இப்படி இருக்கையில்தான் ராட்டின வழக்கு வந்தது.

அரிகிருஷ்ணன் என்று ஒரு அண்ணன், கலியபெருமாள் என்று ஒரு தம்பி. செத்துப்போன அப்பன் விட்டுப்போன குடைராட்டினம் ஒன்று அவர்களுக்குச் சொத்து. நடுவில் கம்பம், மேலே துணிக்குடை, சுற்றிலும் இரும்புக் கம்பியில் தொங்கும் மரக்குதிரைகள். பெரியவர்களே ஏறி உட்காரலாம், அவ்வளவு திடம். ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போய்ப் பிழைத்த குடும்பம் அது. தகராறு என்னவென்றால், ராட்டினம் எந்தப் பக்கம் சுற்றுவது என்பதுதான். கோயில் வாசலில் சுற்றுகிற பண்டம் சாமியைச் சுற்றுவதுபோல் வலமாகத்தான் சுற்ற வேண்டும், அப்பன் அப்படித்தான் சுற்றினார் என்றான் அண்ணன். ராட்டினம் என்ன சாமியா, வெளியே நின்று தள்ளுகிறவனுக்கு இடமாகச் சுற்றினால்தான் கைக்கு வாகு என்றான் தம்பி. பேசித் தீராமல், ஒருநாள் அண்ணன் ஊரில் இல்லாத சமயமாகப் பார்த்து, தம்பி குதிரைகளையெல்லாம் கழற்றி மறுபக்கம் பார்க்க மாட்டிவிட்டான். திரும்பி வந்த அண்ணன், "அப்பனையே திருப்பி ஒக்கார வெச்ச மாரி இருக்குதடா பாவி" என்று மார்பில் அடித்துக்கொண்டான். ஆளுக்கொரு அவொகாவைப் பிடித்தார்கள். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். வீடு இரண்டு பட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஆடி மாதம் பிறக்க இருந்தது. வீராம்பட்டினம் அம்மன் கோயிலில் ஆடி வெள்ளிகள் நெருங்கின. தீர்ப்பு வருகிற வரைக்கும் ராட்டினத்தை மூட்டை கட்டிப் போட்டால் உப்புக் காற்றில் இற்றுப்போகும். அதனால் கோர்ட்டுப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து அவர் கையில் ஒப்படைப்பது என்று நீதிபதி முடிவு செய்தார். யார் பெயரைச் சொன்னாலும் அண்ணன் கட்சியோ தம்பி கட்சியோ எழுந்து, அவர் மாமன் முறை, அவருக்கும் எங்களுக்கும் வரப்புச் சண்டை என்று தள்ளியது. நீதிபதிக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பெஞ்சில், இரண்டு கட்சியிலும் சேராத காசிலிங்கம் இருந்தார்.

"முசே காசிலிங்கம், இந்தப் பொறுப்பை ஏற்க உங்களுக்குச் சம்மதமா?"

காசிலிங்கத்தின் தலை மெல்லக் கீழே இறங்கி, கம்பீரமாக மேலே எழுந்தது. தூங்கி விழுகிற தலை அப்படித்தான் செய்யும். இரண்டு கட்சியும் திருப்தி என்றது, எழுத்தர் எழுதிக்கொண்டார், நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர்கள் உண்டு. தூங்குகிறவர் மடியில் ஓணான் தானாக வந்து ஏறியது இதுதான் முதல் தடவை.

விழித்ததும் மனிதர் பதறினார். ஆனால் தூங்கினேன் என்று கோர்ட்டில் சொல்ல முடியுமா? சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பொறுப்பாளன் தன்னிடம் விட்ட பொருளை நல்ல குடும்பத் தகப்பன் காப்பதுபோல் காக்க வேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டம் சொன்னது. நல்ல தகப்பன் ராட்டினத்தைத் துருப்பிடிக்க விடுவானா? விடமாட்டான். அப்படியானால் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம்? வலம் சுற்றினால் அண்ணனுக்குச் சாதகம், இடம் சுற்றினால் தம்பிக்குச் சாதகம். தீர்ப்புக்கு முன்னால் பொறுப்பாளன் ஒரு பக்கம் சாயக் கூடாது.

காசிலிங்கம் நன்றாக யோசித்து ஒரு நியாயம் கண்டுபிடித்தார். பாதிக் குதிரைகள் இந்தப் பக்கம் பார்க்கட்டும், பாதி அந்தப் பக்கம் பார்க்கட்டும், இரண்டிரண்டாக மூஞ்சிக்கு மூஞ்சி. ஒரு ஆட்டம் வலம், மறு ஆட்டம் இடம். யாருக்கும் குறை கிடையாது. மாட்டிக் கொடுத்த தச்சன் காசிலிங்கத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் போய்விட்டான்.

முதல் ஆடி வெள்ளி. வீராம்பட்டினத்தில் கூட்டம் நெரிந்தது. ராட்டினத்தை மட்டும் ஒருவரும் அண்டவில்லை. கோட்டும் டையுமாகக் காசிலிங்கம் கம்பத்துக்குப் பக்கத்தில் துக்க வீட்டில் நிற்பவர் மாதிரி நின்றார். தள்ளுவதற்கு வந்த ஆட்கள் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சுண்டல் கூடையோடு அஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். மற்ற நாளில் மீன் விற்கிறவள். அம்மன் திருவிழாவுக்காகச் சுண்டலுக்கு மாறியிருந்தாள். அவள் குரல் கரையில் கூப்பிட்டால் கட்டுமரத்துக்குக் கேட்கும்.

"என்னா முசே, பின்னால பாத்த குதிரையில எவன் ஏறுவான்? பேய் ஓட்டற குதிரை மாரி இருக்குது. வெச்சது நீங்கதான? மொதல்ல நீங்க ஏறுங்க."

"நானா?"

"பின்ன, ஒங்க குதிரைல நானா ஏறுவேன்?"

நல்ல குடும்பத் தகப்பன் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் தான் ஏறிப் பார்ப்பான் என்பது காசிலிங்கத்துக்கு உறைத்தது. ஆனால் ஒரு சாட்சி இல்லாமல் அவர் எதையும் செய்து பழக்கமில்லை. "எதிர்க் குதிரையில நீயும் வா. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா சொல்றதுக்கு ஆள் வேணும்" என்றார்.

அஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடையோடு ஏறிவிட்டாள். ஆட்கள் பீடியை எறிந்துவிட்டுத் தள்ளினார்கள்.

காசிலிங்கத்தின் குதிரைதான் பின்னால் போகிற குதிரை. அது அவருக்குத் தெரிவதற்குள் ராட்டினம் வேகம் பிடித்துவிட்டது. கோயில் கோபுரம் போனது, கடல் வந்தது, பலூன்காரன் வந்தான், போனான், மறுபடி கோபுரம். டை பறந்து தோளுக்குப் பின்னால் போயிற்று. எதிரே அஞ்சம்மாள், "அம்மாடி, ஆத்தாடி, முசே, நிறுத்தச் சொல்லுங்க, இல்ல, நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள். கூடையிலிருந்த சுண்டல் காற்றில் எழும்பி அவர் கோட்டிலும் மீசையிலும் வந்து விழுந்தது.

எரிந்துகொண்டிருந்த வயிற்றிலிருந்துதான் அது கிளம்பியது. முதலில் விக்கல் என்று நினைத்தார். இல்லை, சிரிப்பு. கண்ணாடி முன்னால் பழகியது இல்லை, அசல் சரக்கு. இடுப்பு நோக, கண்ணில் நீர் வர, மூச்சு முட்டச் சிரித்தார். ராட்டினம் நின்ற பிறகும் அவர் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கும் அது தொற்றிக்கொண்டது. ஒரு அவொகாவுக்கே இப்படிப் பண்ணுகிறதென்றால் நமக்கு எப்படிப் பண்ணும் என்று விழுந்தடித்துக்கொண்டு ஏறினார்கள். அன்று வீட்டுக்கு வந்து படுத்தவரைச் சொர்ணம் பலதடவை எழுப்பிப் பார்த்து, பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு என்ன, குறட்டையே வந்தது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கு டை போயிற்று, அதற்கடுத்த வெள்ளிக்குக் கோட்டும் போயிற்று. கோர்ட்டில் சேர்த்து வைத்த வாய்ச்சாலகம் முழுவதையும் ராட்டினத்தடியில் அவிழ்த்துவிட்டார். "மகா ஜனங்களே! முன்னால் போகிற குதிரை வேண்டுமா, பின்னால் போகிற குதிரை வேண்டுமா? இரு தரப்பையும் தீர விசாரித்து ஏறுங்கள்! ஏறிய பிறகு மேல்முறையீடு கிடையாது!" அஞ்சம்மாள் சுண்டலை அக்காள் மகளிடம் விட்டுவிட்டு, தனியாக வருகிறவர்களை ஜோடி சேர்த்து எதிரெதிரே உட்கார வைக்கிற வேலையைத் தானாக எடுத்துக்கொண்டாள். மாமியாரையும் மருமகளையும் எதிரெதிரே ஏற்றி வேடிக்கை பார்ப்பதில் அவளுக்குத் தனி ருசி.

வயிற்று எரிச்சல் போன இடம் தெரியவில்லை. ரசத்தில் உப்பு குறைந்தால், "உப்பு போடு சொர்ணம்" என்றார். பதில் அவ்வளவுதானா என்று சொர்ணம் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

நல்லது நடந்தால் நாலு பேருக்குப் பொறுக்காது. அவொகாக்களில் மூத்தவர் காசிலிங்கத்தைக் கூப்பிட்டு, கவுன் போட்டவன் வேறு தொழில் செய்யக் கூடாது என்பது நம் விதி, கோர்ட் ஒப்படைத்தது என்பதால் இதைப் பொறுத்துக்கொள்கிறோம், வழக்கு முடிந்த அன்றே ராட்டினத்தை மறந்துவிட வேண்டும் என்றார். சொர்ணத்திடமோ காய்கறிக் கடையில் யாரோ, "ஒங்க வூட்டுக்காரரு ராட்டினம் சுத்தறாராமே" என்று கேட்டுவிட்டார்கள். அவள் நேரே ரிக்‌ஷா பிடித்து வீராம்பட்டினத்துக்கு வந்து இறங்கினாள். சட்டைக் கையை மடித்துவிட்டு, தொண்டை கட்டிப்போய், வேர்த்து வழிந்து சிரித்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். பேச வந்ததைப் பேசவில்லை.

"இத்தினி வருஷம் வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டேன். எங்கிட்ட வராத சிரிப்பு ஒரு மரக்குதிரைகிட்ட வந்துடுச்சா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், கண் கலங்கியிருந்தது.

காசிலிங்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவளைக் குதிரையில் ஏற்றி, எதிரே தான் ஏறிக்கொண்டார். ராட்டினம் சுற்றி நின்றதும் சொர்ணம் கொண்டையைச் சரி செய்துகொண்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இன்னொரு ஆட்டம்" என்றாள்.

திரும்பும்போது, "இந்தக் கேசு எப்பங்க முடியும்?" என்று கேட்டாள்.

"நம்ம கோர்ட்டுல கேசு முடியறதாவது!" என்றார் காசிலிங்கம் சந்தோஷமாக. வாழ்நாளெல்லாம் எந்தத் தாமதத்தைத் திட்டினாரோ, அதைக் கைகூப்பிக் கும்பிட்டார். அண்ணனும் தம்பியும் நன்றாக இருக்கட்டும், நன்றாகச் சண்டை போடட்டும், அவர்கள் சமாதானமானால் தன் தூக்கம் போயிற்று என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தேர் வெள்ளி வந்தது. ஊரை ஆள்கிறவர் வந்து வடம் பிடித்துக் கொடுப்பது வீராம்பட்டினத்து வழக்கம். முன்பு பிரெஞ்சு கவர்னர் பிடித்தார், இப்போது சீஃப் கமிஷனர் பிடித்தார். தேர் நகர்ந்ததும் கூட்டம் ராட்டினத்துப் பக்கம் சாய்ந்தது. காசிலிங்கம் கம்பத்தடியில் நின்று கூவிக்கொண்டிருந்தவர், சட்டென்று வாயை மூடினார்.

ஒரு குதிரையில் அரிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தான். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்திருந்தாலும் ஆள் அடையாளம் தெரிந்தது. அப்பன் சொத்து எப்படி இருக்கிறதென்று திருட்டுத்தனமாகப் பார்க்க வந்தவன், ஆசை தாங்காமல் ஏறிவிட்டான் போலிருக்கிறது. அதே ஆசையில் கூட்டத்தின் இன்னொரு பக்கமாக வந்து சேர்ந்த கலியபெருமாளை, யார் என்று தெரியாமலே, அஞ்சம்மாள் கையைப் பிடித்து இழுத்து வந்து எதிர்க் குதிரையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

காசிலிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு சொல் போதும். நிறுத்து என்றால் ஆட்கள் நிறுத்துவார்கள், ஒருவனை இறக்கிவிடலாம், வழக்கு இன்னும் வருஷக்கணக்கில் ஓடும். வயிற்றில் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. ஆட்கள் கம்பியைப் பிடித்தபடி அவர் குரலுக்காகக் காத்திருந்தார்கள். ஏறியிருந்த பிள்ளைகள் காலை உதைத்தார்கள். எந்த நல்ல தகப்பன் இரண்டு பிள்ளைகளைப் பிரித்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவான் என்று நினைத்தபோது, அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"ராட்டினம் கெளம்புதூ!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

எதிரே இருப்பது யார் என்று தெரிந்ததும் அண்ணன் வானத்தைப் பார்த்தான், தம்பி கடலைப் பார்த்தான். எத்தனை நேரம் பார்க்க முடியும்? சுற்றுகிற ராட்டினத்தில் வானமும் நிற்காது, கடலும் நிற்காது. அசையாமல் நிற்பது எதிரே இருக்கிற முகம் ஒன்றுதான். தம்பி பின்னால் போகிற குதிரையில் இருந்தான். அவனுக்குத் தலை கிறுகிறுத்து உடம்பு சாய்ந்தது.

"டேய் கலியா! கீழ பாக்காதடா. எம் மூஞ்சியப் பாரு!"

கலியபெருமாள் பார்த்தான். அண்ணன் துண்டு நழுவி விழுந்திருந்தது. கீழே பார்க்காதே, என் மூஞ்சியைப் பார் என்பது சின்ன வயதில் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு அப்பன் சொன்ன சொல். ஆட்கள் நிறுத்தி, திருப்பித் தள்ளினார்கள். இப்போது தம்பி முன்னால் போனான், அண்ணன் பின்னால் போனான். "இப்ப நீ எம் மூஞ்சியப் பாருண்ணே" என்றான் தம்பி. அண்ணன் அழுதுகொண்டே சிரித்தான், தம்பி சிரித்துக்கொண்டே அழுதான். இறங்கினதும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு மண்ணில் உருண்டார்கள். அடிதடி என்று நினைத்து விலக்கப் போன போலீஸ்காரர் அசடு வழியத் திரும்பி வந்தார்.

காசிலிங்கம் மணலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு வழக்கை அடியோடு முடித்துவைத்தது இதுதான் முதல் முறை. முடித்த கையோடு தன் சுகத்துக்கும் தானே கொள்ளி வைத்துக்கொண்டார்.

வழக்கை வாபஸ் வாங்க அண்ணனும் தம்பியும் வருகிற நாள். காலையில் காபியை நீட்டிய சொர்ணம், "தடை சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்ல எடமிருக்கு. பொறுப்பாளர் ஒப்புக்கலைன்னா நாலஞ்சு வருஷம் இழுக்கலாம்."

"அண்ணந்தம்பி சேந்தாச்சு. ஒங்க தூக்கத்துக்காகவா இழுக்கறது?"

காசிலிங்கம் காபியை ஆற்றத் தொடங்கினார். சொர்ணம், "நம்ம நெலத்துல நெல்லு வெளையுது. கவுன் இல்லாட்டி பட்டினி கெடக்க மாட்டோம். நீங்க தூங்காம கெடந்ததப் பாத்து நானும் தூங்காம கெடந்தேன், அது ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள். அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஒரே கொசுவலைக்குள் படுத்திருந்தும் தெரியாது.

கோர்ட்டில் நீதிபதி, "பொறுப்பாளருக்கு ஏதாவது தடை உண்டா?" என்றார். காசிலிங்கம் அன்று முழுதாக விழித்திருந்தார். மூத்த அவொகா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு அண்ணனும் தம்பியும் நின்றார்கள்.

"தடை இல்லை" என்றார் காசிலிங்கம்.

வெளி வராந்தாவுக்கு வந்ததும் கவுனைக் கழற்றினார். வாழ்க்கையில் எல்லோரும் தன்னைத் தேடி வந்து கேட்டுத்தான் பழக்கம். தான் போய் ஒருவரிடம் கேட்டதில்லை. சகோதரர்கள் இரண்டு பேரும் வந்து காலில் விழப் பார்த்தார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தி, ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்:

"ராட்டினத்துக்குக் கூவறதுக்கு ஆள் வேணுமில்ல? என்னைச் சேத்துக்குவீங்களா?"

அரிகிருஷ்ணன் சிரித்தான். காசிலிங்கம் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஐயா, நெசமாவா? கவுன்?"

"அதான் கழட்டிட்டேனே."

தம்பி அண்ணனைப் பார்த்தான், அண்ணன் தம்பியைப் பார்த்தான். "கூலியாளாவா? ஒங்களையா? சாமி குத்தமாயிடும். எங்களோட மூணாவது பங்காளியா வந்துடுங்க முசே" என்றான் கலியபெருமாள்.

காசிலிங்கம் பதறிப்போய்க் கும்பிட்டார். "வேணாம்பா, வேணாம்! பங்காளின்னா என்னைக்காவது ஒருநாள் மூணு பேரும் இங்க வந்து நிக்கணும். கூலியாளாவே வெச்சுக்குங்க, புண்ணியமாப் போவும்!"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் உள்ளே வாதம் நின்றுவிட்டது. நீதிபதி மணியை அடித்து, வெளியே அமைதி காக்கச் சொன்னார். காசிலிங்கம் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. இனிமேல் முடிய வேண்டிய அவசியமும் இல்லை என்று தோன்றியதும் கையை எடுத்துவிட்டார்.